பாக்கெட் ஆழமான கோட்டு

ஒரு தெரு என்று இருந்தால் அதற்கு ஒரு நலச் சங்கம் வேண்டும். சங்கம் என்று இருந்தால் அதற்கு ஒரு பெயர்ப்பலகை வேண்டும். பலகை என்று இருந்தால் ஏணியில் ஏறி அதை எழுத ஒரு பெயிண்டர் வேண்டும். இவ்வளவும் சங்கத்தின் விதிமுறைகளில் தெளிவாகவே இருந்தது. ஏணியைக் கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் எந்த விதியிலும் இல்லை. ஆகவே தையல்காரம்மாவின் வீட்டுக்காரரான அந்தப் பெயிண்டர் முறைப்படி கீழே விழுந்தார்.

அதுவரை அந்தச் சங்கத்துக்கு 'தெரு நலச் சங்கம்' என்றுதான் பெயர். ஒரு பழைய வேன் வைத்திருந்தது. நடக்க முடியாதவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடும். வேறு ஒரு வேலையும் தெரியாது. இப்படி ஒரே வேலையைச் செய்துகொண்டிருப்பது தலைவருக்குக் கூச்சமாக இருந்தது. அவர் வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு வேலையை நேராகச் செய்வதைப் பார்த்தாலே அவருக்கு உடம்பு ஒரு மாதிரி ஆகிவிடும். எனவே சங்கத்தின் பெயர் 'தெரு நலன், முன்னேற்றம், தலைமைத்துவம் மற்றும் சமுதாய மேம்பாட்டுச் சங்கம்' என்று நீட்டப்பட்டது. பலகையும் நீண்டது. ஏணி நீளவில்லை.

பெயிண்டர் 'தலைமை' வரை எழுதிவிட்டு, ஏணியை நகர்த்தச் சோம்பல்பட்டு, எட்டி அடுத்த எழுத்தைப் போடப் பார்த்தார். ஏணி ஆடியது. கீழே நிர்வாகக் குழு முழுவதும் நின்றுகொண்டிருந்தது. தலைவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "யாராவது ஏணியைப் பிடிங்கப்பா!" என்றார். துணைத்தலைவர் திரும்பிச் செயலாளரிடம், "யாராவது பிடிங்கப்பா" என்றார். செயலாளர் பொருளாளரிடம் சொன்னார். பொருளாளருக்குக் கீழே ஆள் இல்லாததால் அவர் தலைவரிடமே வந்து சொன்னார். தலைவர் அந்தக் கோரிக்கையைப் பரிவுடன் ஏற்று மறுபடி ஒருமுறை சொல்லி முடிப்பதற்குள் பெயிண்டர் தரைக்கு வந்துவிட்டார். தொடை எலும்பு முறிந்தது.

எலும்பு கூடியது, கட்டும் பிரித்தாயிற்று. முழங்கால்தான் மடங்க மாட்டேன் என்றது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தையல்காரம்மாவைத் தனியே கூப்பிட்டார்.

"வாரா வாரம் வியாழக்கிழமை காலுக்குப் பயிற்சி கொடுக்கணும். கூட்டிட்டு வந்துடுங்க. இப்ப விட்டுட்டீங்கன்னா அப்புறம் எப்பவுமே மடங்காது."

தையல்காரம்மா கணக்குப் போட்டுப் பார்த்தாள். மடங்காத காலை வைத்துக்கொண்டு பெயிண்டர் ஏணி ஏற முடியாது. ஏணி ஏறாத பெயிண்டர் சுவரின் கீழ்ப்பாதியில்தான் எழுத முடியும். அதை நாய்கள்தான் படிக்கும். அந்த மனுஷன் கையில் பிரஷ் இல்லாமல் ஒரு வாரம் சும்மா இருந்தால் வீட்டில் இருப்பவர்கள் பைத்தியமாகிவிடுவார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனாலும் சங்கத்து வேன் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தாள். டிரைவர் தம்பி தங்கமான பிள்ளை. வியாழக்கிழமையானால் வாசலில் வந்து ஹாரன் அடித்து, பெயிண்டரைக் குழந்தை மாதிரி தூக்கி உட்கார வைத்துக் கூட்டிப்போவான்.

இந்த நிலையில்தான் சங்கங்களின் சம்மேளனம் ஒரு போட்டியை அறிவித்தது. எந்தத் தெருவில் தலைமைத்துவம் பொங்கி வழிகிறதோ அந்தத் தெருவுக்குச் சுழற்கேடயம். அதற்குத் தயார்படுத்த ஒரு பயிற்சியாளரையும் அனுப்பி வைத்தது. அவர் கையில்லாத கோட்டு ஒன்று போட்டுக்கொண்டு வந்தார். அதில் இரண்டு பாக்கெட். இரண்டிலும் கைகள். சாப்பிடும் நேரம் தவிர அந்தக் கைகளை யாரும் பார்த்ததில்லை.

வந்த அன்றே தலைவர் அவரைத் தையல் கடைக்குக் கூட்டிவந்தார். கடை என்றால் வீட்டின் முன்னறைதான். ஒரு மிஷின், ஒரு வெட்டுமேஜை, மூலையில் நீட்டிய காலோடு பெயிண்டர்.

"அம்மா, தெருவுல இருக்கிற எல்லாருக்கும் இதே மாதிரி கோட்டு வேணும். பயிற்சி அன்னிக்குக் காலையில வேணும்."

"தைச்சிடலாம் சார். பாக்கெட் எவ்வளவு ஆழம் வைக்கட்டும்?"

பயிற்சியாளர் முகம் மலர்ந்தது. "நல்ல கேள்விம்மா! பாக்கெட்டுதான் கோட்டோட உயிரே. கை மணிக்கட்டு வரைக்கும் உள்ள போகணும். லேசுல வெளியே வரக் கூடாது."

"வெளியே வராம என்ன சார் செய்யறது?"

"அதாம்மா தலைமைத்துவம். கை வெளியே இருந்தா அது சும்மா இருக்காது. எதையாவது தூக்கும், துடைக்கும், பிடிக்கும். உடனே ஆள் தொண்டனா மாறிடுவான்."

தலைவருக்கு அப்போதுதான் வாழ்க்கையில் ஒரு பெரிய உண்மை புரிந்தது. தான் இத்தனை வருஷமாகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது சரியான பாதைதான், பாக்கெட்தான் இல்லை. "எனக்கு முழங்கை வரைக்கும் வைக்கலாமா?" என்று ஆசையாகக் கேட்டார்.

"அது சம்மேளனத் தலைவருக்கு மட்டும்தான் சார்" என்றார் பயிற்சியாளர், கொஞ்சம் கண்டிப்பாக.

பயிற்சி நாளில் தெருவே சங்கக் கட்டிடத்துக்குள் போய்விட்டது. தையல்காரம்மாவால் போக முடியவில்லை. கடைசி நேரக் கோட்டுகளுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். தைத்தவற்றைத் தூக்கிக்கொண்டு அவள் போய்ச் சேர்ந்தபோது பயிற்சி முடிந்து எல்லோரும் தலைவர்களாகியிருந்தார்கள். துணியும் தீர்ந்திருந்தது. தனக்கு ஒன்று தைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை. பட்டன் தைத்துத் தைத்து விரல் நுனியெல்லாம் எரிந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை ஹாரன் சத்தம் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தையல்காரம்மா வேன் நிற்கும் இடத்துக்கே போனாள். டிரைவர் புதுக் கோட்டோடு வேனில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான்.

"தம்பி, ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சுப்பா."

"ஆமாக்கா. ரொம்ப நேரமாச்சு. நானும் அதைத்தான் கவனிச்சுட்டு இருக்கேன்."

"அப்ப வண்டியை எடு."

"எடுக்க வைக்கிறேன்கா."

"யாரை?"

"அதான் தெரியல. நான் இப்ப போக்குவரத்துத் துறைத் தலைவர். நானே ஓட்டினா எனக்குக் கீழ யாரும் இல்லைன்னு ஆயிடும் பாருங்க."

"உனக்குக் கீழ யாரு இருக்கா?"

"யாரும் இல்லக்கா. அது வெளியே தெரியக் கூடாதுல்ல."

"சாவியாவது குடு."

"சாவி பாக்கெட்டுக்குள்ள இருக்குக்கா. கையும் அங்கதான் இருக்கு. ரெண்டையும் ஒண்ணா வெளியே எடுத்தா வேலை செஞ்ச மாதிரி ஆயிடும்."

தையல்காரம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள். பாக்கெட்டை இவ்வளவு கச்சிதமாகத் தைத்திருக்க வேண்டாமோ என்று முதல்முறையாகத் தோன்றியது.

வேறு யாராவது கிடைப்பார்களா என்று தெருவில் நடந்தாள். மருந்துக்கடைக்காரர் கல்லாவுக்கு வெளியே நின்று, உள்ளே நுழைந்தவர்களுக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தார். "உங்க மாத்திரை அங்கதான் எங்கயோ இருக்கு. உங்களால முடியும். தேடுங்க!" முடிவெட்டுபவர் வாடிக்கையாளரையே கத்திரிக்கோலை எடுக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று ஊக்கப்படுத்தினார். அதனால் தெருவில் பாதிப் பேர் தலை எலி கடித்த மாதிரி இருந்தது. ஆனால் தாங்களே சாதித்த முகம் எல்லோருக்கும் இருந்தது. தெருக் கூட்டுகிறவர்கள் மூன்று பேரும் ஒரு குப்பைக் குவியலைச் சுற்றி நின்று அதைத் தாடையால் சுட்டிக்காட்டினார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் தாடையை ஆட்டினார்கள். குப்பை மட்டும் யாருக்கும் தலைமை தாங்காமல் நிம்மதியாகக் கிடந்தது.

கடைசியில் தலைவரிடம் போனாள். தலைவர் அறைக்குள் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். பயிற்சியாளரும் எதிரே இருந்தார். சம்மேளனத்திலிருந்து அப்போதுதான் போன் வந்திருந்தது. தலைவர்கள் இருப்பது சந்தோஷம், அந்தத் தலைமையால் சமுதாயத்தில் என்ன தாக்கம் ஏற்பட்டது என்று நேரில் பார்க்க மதிப்பீட்டுக் குழு வருகிறது என்று சொல்லியிருந்தார்கள்.

"சமுதாயத்துக்கு எங்க போறது?" என்று தலைவர் புலம்பினார். "எல்லாரையும் தலைவர் ஆக்கிட்டோமே! நாலு பேரை மிச்சம் வச்சிருக்கக் கூடாதா?"

"உற்சாகத்துல விட்டுட்டோம் சார்" என்றார் பயிற்சியாளர்.

அந்த நேரம் பார்த்துத்தான் தையல்காரம்மா கதவைத் தட்டினாள். தலைவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தோளைப் பார்த்தார், இடுப்பைப் பார்த்தார். கோட்டு இல்லை.

"சார்!" என்று அலறினார். "இதோ நிக்குது பாருங்க, சமுதாயம்!"

இருவரும் எழுந்து ஓடிவந்து அவளை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். விசிறி அவள் பக்கம் திருப்பப்பட்டது. குடிக்கத் தண்ணீர் கொண்டுவரும்படி தலைவர் துணைத்தலைவருக்குச் சொல்ல, அவர் செயலாளருக்குச் சொல்ல, அந்தத் தண்ணீர் இன்று வரை வரவில்லை.

"சார், நான் வேன் விஷயமா வந்தேன்" என்றாள் தையல்காரம்மா.

"எதுவா இருந்தாலும் இங்க சொல்லாதீங்கம்மா. முறைப்படி சமுதாயக் கலந்தாய்வுல சொல்லுங்க."

கலந்தாய்வு மறுநாள் நடந்தது. மேடை மேல் தெரு முழுவதும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. கீழே கூடம் காலி. நடுவில் ஒரு நாற்காலியில் தையல்காரம்மா. வரவேற்புரை, சிறப்புரை, வாழ்த்துரை எல்லாம் முடிந்தபோது அவளுக்குக் கண்ணைச் சுழற்றியது. இறுதியாகத் தலைவர் எழுந்து, "சமுதாயத்தின் தேவை என்ன என்பதைச் சமுதாயமே சொல்லட்டும்" என்றார்.

"வியாழக்கிழமை வேனை யாராவது ஓட்டணும்" என்றாள் சமுதாயம்.

கைதட்ட முடியாததால் எல்லோரும் தரையில் காலைத் தட்டினார்கள். மேடை அதிர்ந்தது. "எவ்வளவு தெளிவு!" என்றார் மருந்துக்கடைக்காரர். "அடிமட்டத்திலிருந்து வரும் குரல்!" என்றார் முடிவெட்டுபவர். வேன் ஓட்டுவது குறித்துச் சிந்திக்க ஒரு குழுவும், அந்தக் குழுவின் சிந்தனை சரியான திசையில் போகிறதா என்று பார்க்க இன்னொரு குழுவும் அங்கேயே அமைக்கப்பட்டன. டிரைவர் இரண்டுக்கும் தலைவர் ஆனான்.

அதன்பிறகு தையல்காரம்மாவால் நிம்மதியாகக் கடைத்தெருப் பக்கம் போக முடியவில்லை. "சமுதாயம் காய் வாங்குது, வழி விடுங்க" என்பார்கள். "சமுதாயத்துக்கு முகம் வாட்டமா இருக்கே" என்று கூட்டம் கூட்டுவார்கள். ஒருநாள் அவள் தும்மினாள். பொதுச் சுகாதாரம் பற்றி மூன்று பேர் உரையாற்றினார்கள்.

வியாழக்கிழமைகள் போய்க்கொண்டிருந்தன. பெயிண்டரின் கால் மரக்கட்டை மாதிரி நீட்டியே கிடந்தது. தையல்காரம்மா எண்ணெய் தேய்த்து மடக்கப் பார்ப்பாள். அவர் ஊரைக் கூட்டுவார். அவள் ராத்திரி தூங்காமல் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருப்பாள். நினைத்தால் அழுகை வரும். அழுதால் அதற்கும் ஒரு குழு வந்துவிடும் என்று அடக்கிக்கொள்வாள்.

ஒரு நாள் நிர்வாகக் குழுவே வீட்டுக்கு வந்தது. டாக்டர் மாதிரி எல்லோரும் குனிந்து பெயிண்டரின் காலைப் பார்த்தார்கள்.

"மதிப்பீட்டுக் குழு பயனாளிகளோட பேசணும்னு கேட்கும்" என்றார் தலைவர். "நம்ம தெருவுல பயனாளி இவர் ஒருத்தர்தான். அதனால இவரைப் பயனாளிகள் அணித் தலைவரா நியமிக்கிறோம்."

"கோட்டு உண்டா?" என்றார் பெயிண்டர்.

பயிற்சியாளர் தன்னிடம் உபரியாக இருந்த ஒன்றை எடுக்க வைத்தார். பெயிண்டர் அதைப் போட்டுக்கொண்டு பாக்கெட்டில் கைவிட்டுக் கண்ணாடியில் பார்த்தார். உச்சி குளிர்ந்துவிட்டது. அவர்கள் போனதும் தையல்காரம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள்.

"காலை நீட்டுங்க."

"வேண்டாம்."

"என்ன வேண்டாம்? மடக்கிப் பழக வேணாமா?"

"நீ கொஞ்சம் யோசிச்சுப் பாரு. கால் சரியாயிட்டா நான் பயனாளி இல்ல. பயனாளி இல்லைன்னா அணித் தலைவர் இல்ல. இத்தனை வருஷமா ஊர்ல இருக்கிறவன் பேரையெல்லாம் பலகையில எழுதிட்டு இருந்தேன். இப்பதான் எனக்குன்னு ஒரு பேரு வந்திருக்கு. அதை எண்ணெய் போட்டு அழிக்கப் பாக்குறியே!"

"ஏங்க, கால் போயிடும்ங்க!"

"கால் போனா என்ன? பதவி இருக்குல்ல."

தையல்காரம்மா கிண்ணத்தை 'ணங்' என்று வைத்தாள். ஊர் கெட்டது போதாதென்று வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது.  புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே வேனுக்குப் போனாள். டிரைவர் அதே இடத்தில் அதே மாதிரி சாய்ந்திருந்தான்.

"தம்பி, நானே ஓட்டறேன். எனக்குச் சொல்லிக் குடு."

டிரைவரின் கண்களில் நீர் கோத்தது. "அக்கா! எனக்குக் கீழ ஒரு ஆள்!"

சாவியைத் தர முடியாதென்பதால் பாக்கெட்டைக் குனிந்து காட்டினான். அவளே எடுத்துக்கொண்டாள். லைசென்ஸ் இல்லையே என்று அவள் தயங்கியபோது, தலைவர் ஓடிவந்து, இது வாகனம் ஓட்டுதல் அல்ல, மக்கள் பங்கேற்பு என்று விளக்கினார். மக்கள் பங்கேற்பதற்கு எந்தச் சட்டமும் லைசென்ஸ் கேட்கவில்லை.

தையல் மிஷின் மிதித்த கால் என்பதால் பெடல்கள் சீக்கிரம் வசப்பட்டன. பட்டன் ஓட்டை தைக்கும்போது மிதிக்கிற மாதிரி மெல்ல மிதித்தாள். வேனும் தையல் தையலாக முன்னால் போனது.

"பின்னாடி எடுக்கிறது எப்படித் தம்பி?"

"அதெல்லாம் சொல்லித் தரதில்லக்கா. முன்னேற்றம்தான் நம்ம கொள்கை."

வியாழக்கிழமை காலையில் மதிப்பீட்டுக் குழு வந்து இறங்கியது. மூன்று பேர். மூவருக்கும் பாக்கெட் முழங்கைக்குக் கொஞ்சம் கீழே வரை இருந்ததைத் தலைவர் பொறாமையோடு கவனித்தார். பெயிண்டர் வீட்டு வாசலில் வேன் தயாராக நின்றது. தையல்காரம்மா ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கையில் டிரைவர், அவளை வழிநடத்த.

"பயனாளியை ஏத்துங்க, போலாம்" என்றாள் அவள்.

"முதல்ல மதிப்பீட்டுக் குழு" என்றார் தலைவர். மதிப்பீட்டுக் குழு ஏறியது. அவர்களுக்கு விளக்கம் சொல்லத் தலைவர் ஏறினார். தலைவர் ஏறும்போது துணைத்தலைவர் கீழே நிற்க முடியுமா? அவர் ஏறினார். மருத்துவத் துறை இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போவது எப்படி என்று மருந்துக்கடைக்காரர் ஏறினார். தூய்மைத் தலைவர்கள் மூவரும் வேனுக்குள் இருந்த குப்பையைச் சுட்டிக்காட்டியபடியே ஏறினார்கள். முடிவெட்டுபவர் யாருடைய மடியிலோ உட்கார்ந்தார். பயிற்சியாளர் படிக்கட்டில் தொங்க முடியாததால், கைதான் பாக்கெட்டில் இருக்கிறதே, நடுவில் செருகப்பட்டார். கதவைச் சாத்த ஆள் இல்லை. அப்படியே வேன் புறப்பட்டது.

பெயிண்டர் ஊன்றுகோலை அக்குளில் இடுக்கி, கைகளைப் பாக்கெட்டில் விட்டபடி வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"ஏய்! ஏய்! என்னை விட்டுட்டுப் போறீங்களே!"

தையல்காரம்மாவுக்கு அது காதில் விழவில்லை. வேனுக்குள் ஒவ்வொருவரும் அவளுக்கு ஒவ்வொரு கட்டளை போட்டுக்கொண்டிருந்தார்கள். "வலது!" "இடது!" "தொலைநோக்கோடு ஓட்டுங்கம்மா!" அவளுக்கு முன்னால் இருந்த ரோடு ஒன்றுதான் தெரிந்தது. முதல் கியரை விட்டு வேறு கியருக்கு அவள் போகவில்லை. நடக்கிற மனுஷனின் வேகத்துக்கு வேன் போனது.

பெயிண்டருக்கு ரத்தம் கொதித்தது. ஆஸ்பத்திரி வாசலில் போட்டோ எடுப்பார்கள். பயனாளிகள் அணித் தலைவர் இல்லாமலே போட்டோ எடுத்துவிடுவார்கள். முடிவெட்டுபவன் அதில் இருப்பான், தான் இருக்க மாட்டோம். இந்த நினைப்பு வந்ததும் அவர் கைகள் பாக்கெட்டிலிருந்து வெளியே வந்துவிட்டன. ஊன்றுகோலைக் குத்திக் குத்தி வேனைத் துரத்த ஆரம்பித்தார். முதல் திருப்பத்தில் கால் இழுத்தது. கடைத்தெருவில் வலி உயிர் போனது. வாயில் வந்த வசவையெல்லாம் வேனின் பின்புறத்தைப் பார்த்துக் கொட்டிக்கொண்டே நடந்தார். பாலம் ஏறும்போது 'மடக்' என்று ஒரு சத்தம். அவர் நிற்கவில்லை. அடுத்த அடியும் வைத்தார், அதற்கடுத்ததும் வைத்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் வேன் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். தையல்காரம்மா வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அவரை மெதுவா இறக்குங்க" என்றாள்.

"யாரை?" என்றார் தலைவர்.

உள்ளே யாரும் இல்லை. தையல்காரம்மா இருக்கைக்கு அடியிலும் குனிந்து பார்த்தாள். அந்த நேரத்தில்தான் வாயெல்லாம் வசவாக, உடம்பெல்லாம் வேர்வையாக, பெயிண்டர் கேட்டுக்குள் நுழைந்தார். டாக்டரம்மா வெளியே வந்து பார்த்தார். கீழே குனிந்து முழங்காலைத் தொட்டுப் பார்த்தார்.

"மடங்குதே! இத்தனை வாரம் வராம இருந்தும் இப்படி மடங்குதுன்னா... என்ன செஞ்சீங்க?"

தையல்காரம்மா அங்கேயே படியில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள். அத்தனை வாரமும் அடக்கி வைத்தது எல்லாம் சேர்த்து வந்தது. சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு.

மதிப்பீட்டுக் குழுவினர் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் மூத்தவர் தொண்டையைக் கனைத்தார்.

"முன்பு இந்தப் பயனாளி வேனுக்குள் உட்கார்ந்தபடி வந்தார். இப்போது வேனுக்குப் பின்னால் நடந்து வருகிறார். சாதாரணச் சங்கம் ஒருவரைச் சுமந்து செல்லும். உங்கள் சங்கம் அவரை நடக்க வைத்திருக்கிறது. எப்படிச் சாதித்தீர்கள்?"

தலைவர் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. "அவருக்கு இடம் கொடுக்காமல் இருந்தோம்" என்றார் தன்னடக்கத்தோடு.

சுழற்கேடயம் கிடைத்துவிட்டது. பயனாளிகள் நடக்கட்டும், தலைவர்கள் வேனில் போகட்டும் என்று சம்மேளனமே எல்லாத் தெருக்களுக்கும் பரிந்துரைத்தது. பெயிண்டர் அடுத்தடுத்த வாரங்களும் வேனுக்குப் பின்னால் நடந்தார். பின்னால் எடுக்கத் தெரியாத வேன் ஊரையே ஒரு சுற்று சுற்றித்தான் வீட்டுக்கு வரும். அவரும் சுற்றினார். கால் நன்றாகவே ஆகிவிட்டது.

நன்றாக ஆனதும் நிர்வாகக் குழு வந்து, வருத்தம் தெரிவித்து, அவர் கோட்டைக் கழற்ற வைத்து வாங்கிக்கொண்டது. பெயிண்டர் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

தையல்காரம்மாவின் பாடுதான் பெரும்பாடாகிவிட்டது. வேன் ஓட்டத் தெரிந்தவள், சமுதாயமும் அவள்தான். தலைவர் கேடயத்தோடு ஊர்வலம் போகணும் என்பார், ஓட்டினாள். துணைத்தலைவர் பாராட்டு விழாவுக்குப் போகணும் என்பார், ஓட்டினாள். மருந்துக்கடையில் மாத்திரையும் அவள்தான் தேடிக்கொடுத்தாள். குப்பையையும் அவள்தான் அள்ளினாள். மிஷின் தூசி படிந்து கிடந்தது. ஒரு நாள் வேனிலிருந்து இறங்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்படியே நேராகத் தலைவரிடம் போனாள்.

"சார், என்னையும் தலைவர் ஆக்கிடுங்க."

"நீங்களும் ஆயிட்டா சமுதாயத்துக்கு..."

"எனக்கு முடியல சார்."

தலைவருக்கும் மனசு இளகியது. புதுத் துணி இல்லாததால், வீட்டுக்காரரிடமிருந்து வாங்கிய கோட்டையே கொடுத்தார்கள். தையல்காரம்மா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, இரண்டு பக்கமும் தையலைப் பிரித்து, தன் அளவுக்குப் பிடித்துத் தைத்தாள். பயிற்சியாளர் கொண்டுவந்த கோட்டு அது. பாக்கெட் அவள் தைத்தது போல அத்தனை ஆழமில்லை. அதையும் பிரித்து, நன்றாக ஆழம் வைத்துத் தைத்தாள். போட்டுக்கொண்டு இரண்டு கைகளையும் உள்ளே விட்டாள். அப்பாடா என்றிருந்தது. பிறந்ததிலிருந்து அந்தக் கைகளுக்கு ஓய்வே கிடைத்ததில்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

இரண்டு வாரம் கழித்து, பாதியில் நின்ற பெயர்ப்பலகையை முடிக்க நாள் குறித்தார்கள். பெயிண்டர் பிரஷ்ஷும் டப்பாவுமாகச் சந்தோஷமாக ஏணியில் ஏறினார். முழங்கால் வெண்ணெய் மாதிரி மடங்கியது. கீழே தெரு முழுவதும் கோட்டுகளோடு அரைவட்டமாக நின்று அவரை அண்ணாந்து பார்த்தது. அந்தப் பார்வையில் பாசமும் இருந்தது, கொஞ்சம் ஏக்கமும் இருந்தது. பயனாளியே இல்லாமல் ஒரு சங்கம் எத்தனை நாள் தாங்கும்? டிரைவர் கால் வலிக்கிறதே என்று ஏணியில் தோளைச் சாய்த்து நின்றான். தையல்காரம்மா முன்வரிசையில் நின்றாள்.

பெயிண்டர் 'தலைமை'க்குப் பக்கத்தில் எட்டி அடுத்த எழுத்தைப் போடப் பார்த்தார்.

"ஏய், ஏணி லேசா ஆடுது பாரு!" என்று மேலிருந்து குரல் கொடுத்தார்.

 தையல்காரம்மாவின் கைகள் வெளியே வரத்தான் பார்த்தன. ஆனால் அது அவளே தைத்த பாக்கெட். அவ்வளவு லேசில் விடவில்லை. அவள் தலையை நிமிர்த்தி, கூட்டத்தை ஒரு பார்வை பார்த்து, கணீரென்று சொன்னாள்:

"யாராவது ஏணியைப் பிடிங்கப்பா!"

 பயிற்சியாளருக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

"கேட்டீங்களா! ரெண்டே வாரத்துல என்ன குரல், என்ன தோரணை! இதுக்குக் கை தட்டாம இருக்க முடியுமா? இந்த ஒரு தடவை எடுத்துக்கலாம், தப்பில்ல!"

தெருவே பாக்கெட்டிலிருந்து கைகளை உருவித் தட்டியது. டிரைவர் ஏணியிலிருந்து தோளை எடுத்துவிட்டு, நன்றாக நிமிர்ந்து நின்று தட்டினான். மேலே இருந்த பெயிண்டரும், பெண்டாட்டிக்குக் கிடைத்த மரியாதையில் பூரித்துப்போய், பிரஷ்ஷைப் பல்லில் கவ்விக்கொண்டு இரண்டு கைகளாலும் தட்டினார்.

சங்கத்துக்கு மறுபடி ஒரு பயனாளி கிடைத்துவிட்டார்.